பிளட் கல்ச்சர் போட்டால் எப்போதும் ‘நோ குரோத்’: தப்பு எங்கே?

டெல்டா லேப்:

எல்லோருக்கும் வணக்கம். டெல்டா பக்கம் ஒரு சின்ன ஊரில், 80 படுக்கை உள்ள தனியார் மருத்துவமனை லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். டிஎம்எல்டி என்கிற லேப் டெக்னீஷியன் டிப்ளமா முடித்து ஆறு வருஷம் ஆகிறது. கல்ச்சர் வேலைக்கு, அதாவது ரத்தம், மூத்திரம் போன்றவற்றில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கிற வேலைக்கு, நானும் இன்னொரு பெண்ணும்தான். மைக்ரோபயாலஜிஸ்ட் மேடம் வாரத்துக்கு இரண்டு நாள் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

போன மாதம் 41 பிளட் கல்ச்சர் வந்தது. வளர்ந்தது மூன்றே மூன்று. அதில் இரண்டு, தோலில் இருக்கிற சாதாரண ஸ்டெஃபைலோகாக்கஸ். மூன்றாவது ஏதோ சூடோமோனாஸ் மாதிரி இருந்தது, அதையும் ‘கண்டாமினேஷனாக (வெளியிலிருந்து கலந்த கிருமியாக) இருக்கலாம், மறுபடி சாம்பிள் அனுப்பவும்’ என்று எழுதிவிட்டோம். மற்ற எல்லாவற்றுக்கும் ‘ஏழு நாள் வைத்தும் வளர்ச்சி இல்லை’. அந்த வரி கம்ப்யூட்டரில் தயாராகவே இருக்கிறது, பெயரை மட்டும் மாற்றுவேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

விஷயம் பெரிதானது இப்படி. பன்னிரண்டு நாளாகக் காய்ச்சலோடு இருந்த ஒரு நோயாளிக்கு எங்களிடம் இரண்டு முறை நோ குரோத். குடும்பத்தார் பெரிய ஊருக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே இரண்டாம் நாளே டைஃபாய்டு கிருமி வளர்ந்துவிட்டது. எங்கள் டாக்டர் லேப் வாசலில் நின்று, நாலு பேர் கேட்க, “பாட்டில்ல ரத்தத்துக்குப் பதிலா காபித் தண்ணி ஊத்தி வெச்சிருக்கியாம்மா?” என்றார்.

பாட்டிலில் கிருமி வளர்வதைத் தானே கண்டுபிடிக்கிற ஆட்டோமேட்டிக் மெஷின் எங்களிடம் கிடையாது. 70 மில்லி பிராத் (கிருமி வளர்கிற சத்து நீர்) உள்ள சாதாரண பாட்டில், 37 டிகிரி இன்குபேட்டர். தினமும் காலையில் எடுத்துப் பார்ப்பேன். கலங்கியிருந்தால் பிளேட்டில் போடுவேன். கலங்காவிட்டால் ஏழாம் நாள் ஒரே ஒரு சப்கல்ச்சர் (பாட்டிலிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பிளேட்டில் வளர்ப்பது). நிர்வாகம் மெஷின் வாங்கலாமா என்று யோசிக்கிறது. மெஷின் வந்தால் சரியாகிவிடுமா? இல்லை, என் கையில்தான் ஏதாவது கோளாறா? வெளிப்படையாகச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பழைய உருப்பெருக்கி:

மெஷினை விடும்மா. முதலில் ஒரு தராசு வாங்குங்கள்.

அரசு லேபில் 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கிண்டலுக்குச் சொல்லவில்லை. நகைக்கடைத் தராசு தேவையில்லை, கிராம் கணக்கு காட்டுகிற சமையலறைத் தராசு போதும். வார்டுக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு பாட்டிலையும் எடை போட்டு, லேபிளின் ஓரத்தில் எழுதிவையுங்கள். ரத்தத்தோடு திரும்பி வந்ததும் மறுபடி எடை போடுங்கள். வித்தியாசத்தை 1.06ஆல் வகுத்தால் எத்தனை மில்லி என்று தெரிந்துவிடும். ஒரு இருபது பாட்டில் இப்படிப் பாருங்கள். நான் பந்தயம் கட்டுகிறேன், சராசரி மூன்று மில்லியைத் தாண்டாது.

ஏன் இதை முதலில் சொல்கிறேன் என்றால், ரத்தத்தில் கிருமி நாம் நினைக்கிற மாதிரி கூட்டமாக நீந்திக்கொண்டிருப்பதில்லை. பெரியவர்களுக்கு டைஃபாய்டு வந்தால் ஒரு மில்லி ரத்தத்தில் உயிருள்ள கிருமி ஒன்று இருக்கும், சில பேருக்கு அதுவும் இருக்காது. மூத்திரத்தில் லட்சக்கணக்கில் எண்ணிப் பழகிய கண்ணுக்கு இது உறைப்பதில்லை. இரண்டு மில்லி ரத்தம் எடுத்துவிட்டு டைஃபாய்டு இல்லை என்பது, ஏரியில் ஒரு சொம்பு மொண்டு பார்த்துவிட்டு மீன் இல்லை என்பதைப் போல. பெரியவர்களுக்குப் பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி, வெவ்வேறு இடத்தில் குத்தி இரண்டு பாட்டிலாவது வேண்டும். கூடுதலாக எடுக்கிற ஒவ்வொரு மில்லிக்கும் பிடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய 3 சதவீதம் கூடுகிறது என்று ஒரு கணக்கு உண்டு. குழந்தைகளுக்கு எடையைப் பார்த்துக் குறைவாக, அதற்கென்று உள்ள சின்ன பாட்டிலில்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் டைஃபாய்டில் பாதிக்குச் சற்று மேல்தான் ரத்தத்தில் பிடிபடும். எலும்பு மஜ்ஜையில் போட்டால் பத்துக்கு எட்டுக்கு மேல் கிடைக்கும், ஆனால் யார் குத்தவிடுவார்கள்? எங்கள் காலத்தில் இன்னொரு வழி வைத்திருந்தோம். வைடாலுக்கு (டைஃபாய்டுக்கான ஆன்டிபாடி சோதனை) வந்த ரத்தத்தில், மேலே தெளிகிற நீரான சீரத்தை எடுத்த பிறகு மிஞ்சுகிற கட்டியைத் தூக்கி எறியாமல், உடைத்து, பித்தநீர் கலந்த பைல் பிராத்தில் போடுவோம். கிருமியை அடக்குகிற ஆன்டிபாடி சீரத்தோடு போய்விடும், கட்டிக்குள் மாட்டிக்கொண்ட கிருமி மட்டும் பித்தநீரில் சுகமாக வளரும். செலவில்லாத வித்தை.

அப்புறம், உங்கள் முறையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கலங்கினால்தான் பிளேட்டில் போடுவேன் என்கிறீர்கள். எல்லாக் கிருமியும் கலக்காது. ஹீமோஃபிலஸ், மெனிங்கோகாக்கஸ் எல்லாம் பிராத் தெளிவாக இருக்கும்போதே உள்ளே உட்கார்ந்திருக்கும். கலங்கியதோ இல்லையோ, மறுநாள் காலை ஒரு முறை, இரண்டாம் நாள் ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு சப்கல்ச்சர் போடுங்கள். பிளட் அகார், மெக்கான்கி, சாக்லேட் அகார் என்கிற மூன்று வகைப் பிளேட்டிலும். சாக்லேட் பிளேட்டை, மெழுகுவத்தி ஏற்றி மூடுகிற ஜாடிக்குள் வைக்க மறக்காதீர்கள். அந்த ஏழாம் நாள் சப்கல்ச்சர் இருக்கட்டும், ஆனால் ஏழாம் நாள் தெரிந்து டாக்டர் என்ன செய்வார்? அதற்குள் நோயாளி வீட்டுக்குப் போயிருப்பார், இல்லையென்றால் வேறெங்கோ.

ஒரு கேள்வி. உங்கள் பிளட் அகாரில் கலப்பது என்ன ரத்தம்? எங்கள் லேபில் ஒரு காலத்தில் ரத்த வங்கியில் காலாவதியான பையைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தோம். சும்மா கிடைக்கிறதே என்று. மனித ரத்தத்தில் ஆன்டிபாடி இருக்கும், கொடுத்தவர் மாத்திரை சாப்பிட்டிருந்தால் ஆன்டிபயாட்டிக்கும் இருக்கும், தொற்று அபாயம் வேறு. இரண்டு வருஷம் எங்களுக்கு நியூமோகாக்கஸே வரவில்லை. இந்த ஊரில் நியூமோனியா குறைந்துவிட்டது என்று பேசிக்கொண்டோம்! ஆட்டு ரத்தத்துக்கு மாறிய மாதமே வர ஆரம்பித்தது.

நைட் டூட்டி:

நான் லேப் இல்லை, ஐசியூவில் 14 வருஷமாக ஸ்டாஃப் நர்ஸ். ஒரு தோழி இந்த இழையை அனுப்பினாள். வார்டுப் பக்கத்து உண்மையையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனை மில்லி வேண்டும் என்று எங்களிடம் இதுவரை யாருமே சொன்னதில்லை. பாட்டில் வரும், சீட்டு வரும், அவ்வளவுதான். காலையில் ஐந்தரை மணிக்கு ஒரே குத்தில் சிபிசி, யூரியா, கிரியாட்டினின், எல்எஃப்டி, வைடால் எல்லாவற்றுக்கும் எடுத்து, கடைசியில் சிரிஞ்சில் மிச்சமிருப்பதைக் கல்ச்சர் பாட்டிலில் தள்ளுவோம். மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். கல்ச்சர் பாட்டிலுக்குத்தான் முதலில் போக வேண்டும் என்பது எனக்கே ஒரு பயிற்சி வகுப்புக்குப் போன பிறகுதான் தெரிந்தது. பத்து மில்லி சிரிஞ்சை எடுத்தாலே கூட இருக்கிற அம்மா, “ஏற்கெனவே ரத்தமில்லாம கெடக்குது, இவ்ளோ உறிஞ்சிறீங்களே” என்று சண்டைக்கு வருவார். அவரிடம் நின்று பேச எங்களுக்கும் நேரமிருக்காது.

இரண்டாவது, ஆன்டிபயாட்டிக். காஷுவாலிட்டியிலேயே செஃப்ட்ரியாக்ஸோன் முதல் டோஸ் போயிருக்கும். மறுநாள் ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் “கல்ச்சர் அனுப்பியாச்சா?” என்பார். அப்போதுதான் எடுப்போம். அதற்கு முன்னால் ஊர் மெடிக்கலில் வாங்கிச் சாப்பிட்ட மாத்திரைக் கணக்கு தனி. காய்ச்சல் ஏறும்போதுதான் எடுக்க வேண்டும் என்று சில டாக்டர்கள் காத்திருக்கச் சொல்வார்கள். அப்படிக் காத்திருக்கும்போதுதான் மருந்து போய்விடுகிறது.

மூன்றாவது, இதைச் சொன்னால் அடிக்க வருவீர்கள். இரவு பத்து மணிக்கு எடுத்த பாட்டில் எங்கே போகும்? லேப் பூட்டியிருக்கும். வார்டு ஃப்ரிட்ஜுக்குள், இன்சுலினுக்குப் பக்கத்தில். “சாம்பிள் கெட்டுப்போகாம இருக்கணும்ல?”

பழைய உருப்பெருக்கி:

சிஸ்டர், அடிக்க வரவில்லை, கும்பிடத்தான் வருகிறேன். இந்த மூன்றையும் எந்த வார்டும் லேபிடம் வாய் திறந்து சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த ஃப்ரிட்ஜ் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மூத்திரத்தை ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். வெளியே வைத்தால் ஈகோலை மாதிரி கிருமி மளமளவென்று இரட்டிப்பாகி, மத்தியானத்துக்குள் ஒன்றுமில்லாதவருக்கும் யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று ரிப்போர்ட் வந்துவிடும். அங்கே எண்ணிக்கைதான் முக்கியம், அதனால் வளரவிடக் கூடாது. ரத்தத்தில் தலைகீழ். அங்கே இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி, அந்த ஒன்றிரண்டு வளர்ந்தே ஆக வேண்டும். குளிரில் நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் போன்றவை செத்தே போகும். தண்டுவட நீரும் அப்படித்தான். இன்குபேட்டருக்குச் சாவி இல்லையென்றால் பாட்டிலை மேசை மேலேயே வையுங்கள், நம் ஊர் வெக்கையே பாதி இன்குபேட்டர்.

காய்ச்சல் ஏறும்வரை காத்திருப்பது வேண்டாத வேலை. கிருமி ரத்தத்தில் இறங்கிச் சுமார் ஒரு மணி நேரம் கழித்துத்தான் குளிரெடுக்கும். காய்ச்சல் 103க்கு வரும்போது ரத்தத்தில் கிருமி பாதி வடிந்திருக்கும். மருந்துக்கு முன்னால், அவ்வளவுதான் விதி.

தோல் கிருமிக்கும் ஒரு வார்த்தை. ஸ்பிரிட் துடைத்ததும் ஈரத்திலேயே குத்துகிறார்கள். காயும்வரை அரை நிமிஷம் நிற்க வேண்டும், காயும்போதுதான் அது கொல்லும். துடைத்த பிறகு வெயின் எங்கே என்று விரலால் மறுபடி தடவினால் துடைத்ததே வீண். பாட்டில் மூடியின் ரப்பரையும் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். அதன் மேல் தகடு மூடியிருந்தாலும் அது ஸ்டெரைல் இல்லை. நூறில் மூன்று பாட்டிலுக்கு மேல் தோல் கிருமி வந்தால் எடுக்கிற கையில் கோளாறு என்று பொருள்.

மூலக்கூறு முத்து:

இந்தக் காலத்திலும் பிராத், மெழுகுவத்தி என்று பேசிக்கொண்டிருக்கிறீர்களே! மல்டிபிளெக்ஸ் பிசிஆர் (ஒரே தடவையில் பல கிருமிகளின் டிஎன்ஏவைத் தேடும் கருவி) வாங்கினால் சில மணி நேரத்தில் பெயரோடு வந்துவிடும். மருந்து போன பிறகு எடுத்தாலும் பிரச்சினை குறைவு, செத்த கிருமியின் டிஎன்ஏகூடத் தெரியும்.

பழைய உருப்பெருக்கி:

நல்ல கருவிதான் தம்பி, நான் எதிரி இல்லை. ஆனால் ரத்தத்துக்கான இந்த வகை பேனல்களில் (குறிப்பிட்ட கிருமிப் பட்டியலை மட்டும் தேடுகிற சோதனைகளில்) பெரும்பாலானவை வளர்ந்த பாட்டிலிலிருந்துதான் எடுக்கச் சொல்கின்றன. பாட்டிலே வளரவில்லை என்பதுதானே இந்தத் தங்கச்சியின் பிரச்சினை? நேரடியாக ரத்தத்தில் தேடினாலும் அந்தச் சில மில்லிக்குள் கிருமி அகப்பட வேண்டுமே. பெயர் கிடைத்தாலும் எந்த மருந்து கேட்கும் என்று முழுசாகச் சொல்ல உயிருள்ள கிருமி கையில் வேண்டும். பேனலில் பெயர் இல்லாத கிருமியைப் பேனல் தேடாது. அப்படி ஒரு கிருமியைப் பற்றிப் பேசப் பிறகு வருகிறேன்.

டெல்டா லேப்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

தராசு வாங்கினேன், சொந்தக் காசில். எங்கள் வீட்டுச் சமையலறைக்கு என்று அம்மா நினைத்துக்கொண்டார். முதல் இருபது பாட்டிலின் சராசரி 2.4 மில்லி. ஒன்றில் ஒரு மில்லிகூட இல்லை, பிராத்தில் சிவப்புச் சாயம் மட்டும். சார் பந்தயத்தில் ஜெயித்துவிட்டார்.

அந்தத் தாளை டாக்டரிடம் நீட்டினேன். ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இரண்டு தடவை படித்தார். மறுநாள் நர்சிங் இன்சார்ஜைக் கூப்பிட்டு என்னையும் உட்காரவைத்தார். எட்டு மில்லி ஊற்றினால் எவ்வளவு உயரம் வரும் என்று வெறும் தண்ணீரை ஊற்றிப் பார்த்து, இப்போது எல்லாப் பாட்டிலிலும் மார்க்கரால் கோடு போட்டு அனுப்புகிறோம். ‘கோடு வரை’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். மில்லிக் கணக்கு சொன்னபோது நடக்காதது கோட்டுக்கு நடக்கிறது. ஆறு, ஏழு மில்லி வருகிறது.

ஒரு நாள் இரவு ஒன்பதரைக்கு வார்டுக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். இரண்டு பாட்டில், யாரோ வைத்த தயிர்சாத டப்பாவுக்குப் பின்னால். அதில் ஒன்று முந்தின நாள் தேதி.

பிளட் அகாரைப் பற்றிக் கேட்டீர்கள். எங்களுடையது வெளியில் வாங்குகிற ரெடிமேட் பிளேட், செம்மறி ரத்தம்தான். அது தப்பித்தது.

கண்ணை மூடிக்கொண்டு போட்ட சப்கல்ச்சரில் போன செவ்வாய்க்கிழமை, தண்ணீர் மாதிரி தெளிந்திருந்த பாட்டிலில் இருந்து, மெக்கான்கியில் நிறமில்லாத காலனி. டைஃபாய்டு. இரண்டாம் நாளிலேயே. நானும் அந்தப் பெண்ணும் லேபுக்குள் கை தட்டிவிட்டோம், நோயாளிக்கு வியாதி வந்ததற்குக் கை தட்டுகிறோமே என்று அப்புறம்தான் உறைத்தது.

பழைய உருப்பெருக்கி:

சந்தோஷம்மா. கை தட்டலாம், தப்பில்லை. பெயர் தெரிந்தால்தானே மருந்து.

இப்போது நான் ‘பிறகு வருகிறேன்’ என்ற விஷயம். உங்கள் முதல் பதிவில் ஒரு வரி எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. ‘ஏதோ சூடோமோனாஸ் மாதிரி, கண்டாமினேஷனாக இருக்கலாம்.’ அது யாருக்கு வளர்ந்தது? சர்க்கரை இருந்ததா? வயலில் இறங்குகிறவரா? மழைக்காலம்தானே?

மெலியாய்டோசிஸ் என்று படித்திருப்பீர்கள், பரீட்சைக்கு இரண்டு மதிப்பெண் கேள்வியாக. அதைத் தருகிற கிருமியின் பெயர் பர்க்ஹோல்டேரியா சூடோமாலியை. மண்ணிலும் தேங்கின தண்ணீரிலும் வாழ்கிற கிருமி. 1911இல் ரங்கூனில் விட்மோர் என்ற வெள்ளைக்கார டாக்டரும் சி. எஸ். கிருஷ்ணசாமி என்ற நம்மவரும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். அடுத்த வருஷம் இந்தியன் மெடிக்கல் கெசட்டில் எழுதினார்கள். பாடப்புத்தகங்களில் ‘விட்மோர் நோய்’ என்று இருக்கும், கிருஷ்ணசாமியை அடிக்குறிப்பில்கூடக் காண்பது அபூர்வம். எனக்கு இதில் தீராத வருத்தம். 2016இல் வந்த ஒரு மதிப்பீட்டில் உலகத்தில் வருஷத்துக்கு 1,65,000 பேருக்கு வருகிறது, 89,000 பேர் சாகிறார்கள் என்று கணக்கிட்டார்கள். அதில் பெரும் பங்கு தெற்காசியாவில். ஆனால் நம் ரிப்போர்ட்டுகளில் எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள்?

என் கையிலேயே ஒன்று போயிருக்கிறது. ஐப்பசி மாதம், சர்க்கரை உள்ள ஒரு மனிதர், நெஞ்சு எக்ஸ்ரேயில் நிழல், டிபி மாத்திரை ஆரம்பித்திருந்தார்கள். ரத்தத்தில் வளர்ந்தது, கிருமியை இனம் பிரிக்கிற இரண்டு சோதனைகளில் கிராம் நெகட்டிவ், ஆக்ஸிடேஸ் பாசிட்டிவ். ‘சூடோமோனாஸ் ஸ்பீஷீஸ்’ என்று எழுதினேன். ஜென்டாமைசின் கேட்காது என்று வந்தது. சூடோமோனாஸ் என்றால் இப்படி அடம்பிடிப்பது வழக்கம்தானே என்று விட்டுவிட்டேன். ஒரு வாரத்தில் அவர் போய்விட்டார். சில வருஷம் கழித்து ஒரு வகுப்பில் ஸ்லைடைக் காட்டினார்கள், இரண்டு முனையும் சாயம் ஏறி நடுவில் வெளுத்து, சேஃப்டி பின் மாதிரி. நான் அதைப் பார்த்திருந்தேன். நோட்டில் படம்கூடப் போட்டுவைத்திருந்தேன்.

விலை உயர்ந்த வசதி எதுவும் வேண்டாம். ஆக்ஸிடேஸ் பாசிட்டிவாக ஒரு கிராம் நெகட்டிவ் வந்தால் மூன்று டிஸ்க் (மருந்து தோய்த்த சின்ன வில்லை, மருந்து கேட்டால் அதைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் விழும்) வையுங்கள்: ஜென்டாமைசின், கோலிஸ்டின், அமாக்ஸிகிளாவ். சாதாரண சூடோமோனாஸ் ஏரூஜினோசாவுக்கு முதல் இரண்டும் பெரும்பாலும் கேட்கும், அமாக்ஸிகிளாவ் கேட்காது. இந்த மெலியாய்டோசிஸ் கிருமி நேர் எதிர், முதல் இரண்டும் கேட்காது, அமாக்ஸிகிளாவ் கேட்கும். அப்படி வந்தால் உடனே டாக்டருக்கு போன், காலனியைப் பெரிய லேபுக்கு அனுப்புங்கள். மெஷின்கள்கூட இதை வேறு பர்க்ஹோல்டேரியா என்று தப்பாகச் சொன்னதுண்டு, அதனால் மெஷின் பெயர் சொன்னாலும் டிஸ்க்கைப் பாருங்கள். பிளேட்டை 24 மணி நேரத்தில் தூக்கி எறியாதீர்கள். முதல் நாள் குண்டூசி முனை அளவில் ஒன்றும் விசேஷமில்லாமல் இருக்கும், மூன்றாம் நாள்தான் காய்ந்த சுண்டைக்காய் மாதிரி சுருங்கும்.

இது தெரிந்தால் சிகிச்சையே மாறும். செஃப்ட்ரியாக்ஸோன் சரிப்படாது. செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனெம் ஊசி குறைந்தது பத்துப் பதினான்கு நாள், அப்புறம் கோட்ரைமாக்ஸசோல் மாத்திரை மாதக்கணக்கில். டாக்டருக்குத் தெரியும், நாம் பெயரைச் சொன்னால் போதும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. நம்மில் பலருக்குப் பிளேட்டைத் திறந்து மோந்து பார்க்கிற பழக்கம் உண்டு. திராட்சை வாசனை என்றால் ஏரூஜினோசா என்று நானே பசங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இதை மோந்து பார்க்கக் கூடாது. மூச்சு வழியாகத் தொற்றும். சந்தேகம் வந்த நிமிஷத்திலிருந்து பாதுகாப்புக் கேபினெட்டுக்குள்தான் வேலை.

நைட் டூட்டி:

இதைப் படித்தபிறகு எங்கள் ஐசியூவில் போன வருஷம் மழையில் வந்த இரண்டு பேர் நினைவுக்கு வருகிறார்கள். இரண்டு பேருக்கும் சர்க்கரை, ஒருவருக்கு மண்ணீரலில் சீழ். கல்ச்சர் எடுத்தது மருந்துக்குப் பிறகு. இனி என்ன சொல்லி என்ன.

டெல்டா லேப்:

சார், ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். 47 வயது, சர்க்கரை 380, முகவரியில் ஒரு கிராமத்தின் பெயர். தொழில் என்ற கட்டத்தை யாரும் நிரப்பவில்லை. பிளேட்டை அன்றைக்கே ஆட்டோகிளேவ் செய்து கொட்டிவிட்டோம். ‘மறுபடி சாம்பிள் அனுப்பவும்’ என்று எழுதியதற்கு மறு சாம்பிள் வரவே இல்லை. சீட்டில் இருந்த நம்பருக்கு மேடம் மூலமாக போன் செய்யச் சொன்னேன். இரண்டு நாளாக மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. கிராம சுகாதார செவிலியர் மூலம் விசாரிப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார்.

மெஷின் விஷயம் இப்போதைக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அதற்குப் பதில் இரவில் லேப் சாவி ஒன்றை வார்டில் வைக்க அனுமதி கிடைத்தது. கோலிஸ்டின் டிஸ்க்குக்கு ஆர்டர் போட்டு, முந்தாநாள் வந்தது.

இன்றைக்கு எழுதுவதற்குக் காரணம் வேறு. ஒரு பெண், 55 வயது, நடவு வேலைக்குப் போகிறவர், முழங்காலில் சீழ், காய்ச்சல். கோடு வரை ரத்தம், மருந்துக்கு முன்னால். நேற்று பிளேட்டில் ஆக்ஸிடேஸ் பாசிட்டிவ். மூன்று டிஸ்க்கும் வைத்திருக்கிறேன். இன்று காலை கோலிஸ்டினைச் சுற்றி வட்டமே இல்லை, ஜென்டாமைசினைச் சுற்றியும் இல்லை. அமாக்ஸிகிளாவைச் சுற்றி நன்றாக வட்டம் விழுந்திருக்கிறது. டாக்டருக்குச் சொல்லிவிட்டேன், மேடம் கிளம்பி வந்துகொண்டிருக்கிறார். பெரிய லேபுக்கு அனுப்பப் பார்சல் கட்டுகிற முறையை யாராவது இன்று மாலைக்குள் சொல்ல முடியுமா? மூன்று உறை என்று படித்த ஞாபகம் மட்டும் இருக்கிறது.

மோந்து பார்க்கவில்லை, சார்.